வெண்கலப் பாம்பின் வால்

சண்முகப்ரியாவுக்கும் வெங்கடேஷுக்கும் கல்யாணம் நடக்கக் கூடாது என்று சொன்னது ஒரு பாம்பு. உயிருள்ள பாம்பாக இருந்திருந்தால் ஒரு கம்போடு காரியம் முடிந்திருக்கும். இது வெண்கலப் பாம்பு. அடித்தாலும் சாகாது, விரட்டினாலும் ஓடாது.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்கத்தான் வந்திருந்தார்கள். சங்கரன்கோவிலில் பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருந்தது ப்ரியாவின் வீடு. வெங்கடேஷின் அப்பா, அம்மா, பெரியப்பா பெருமாள்சாமி என்று மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பூவும் பழமும் வெற்றிலையும் தட்டில் இருந்தன. ப்ரியாவின் அம்மா முத்துமாரியம்மாள் காபி கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். ப்ரியாவின் அப்பா ஆறுமுகச்சாமி இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் பேச வேறு ஆண் கிடையாது.

"தேதி மட்டும் பாத்துட்டா போதும்லா" என்றாள் வெங்கடேஷின் அம்மா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, பெருமாள்சாமியின் பார்வை அடுப்படி வாசலுக்குப் போனது. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். முத்துமாரியம்மாள் காலையில் பரணிலிருந்து தூபக்காலை இறக்கி, புளியைத் தடவி ஊற வைத்திருந்தாள். வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் அது அங்கேயே, பாதி கறுப்பும் பாதி மஞ்சளுமாக நின்றது.

பெருமாள்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது உங்க வகையறா தூபக்கால்தானம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"பாம்பு முத்திரைல்லா?"

"ஆமா."

"எங்களுக்கும் பாம்புதான்" என்றார் அவர், அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தவர்போல.

திருவேங்கடம் போகிற வழியில் ஈச்சம்பொத்தை என்ற கரிசல் கிராமத்தில் இவர்களுக்கெல்லாம் பொதுவான சாஸ்தா கோவில் ஒன்று இருக்கிறது. ஐந்து வகையறாக்கள் கும்பிடுகிற கோவில். வகையறாவுக்கு ஒரு வெண்கலத் தூபக்கால். கைப்பிடி வைத்த சாம்பிராணிக் கிண்ணம், அதற்குக் கீழே சதுரப் பீடம், பீடத்தின் முகப்பில் ஒரு உருவம். ஒரு வகையறாவுக்கு மயில், ஒன்றுக்கு மான், ஒன்றுக்கு யானை. மிச்சம் இரண்டுக்கும் பாம்பு. எந்தக் காலத்தில் யார் வார்த்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதை வைத்து ஒரு விதி மட்டும் தெரியும். ஒரே முத்திரை என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

ப்ரியாவின் மேட்டுவீட்டு வகையறாவில் மூன்று தலைமுறையாகத் தலைமுறைக்கு ஒரே ஒரு ஆண் பிள்ளைதான். முதலில் பிறந்த பெண் ப்ரியா. அதனால் இரண்டு பாம்புகளைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

"பங்காளி வீட்டுல பொண்ணெடுத்தா குலம் விளங்குமா?" என்று பெருமாள்சாமி தம்பியைப் பார்த்துக் கேட்டார். வெங்கடேஷின் அப்பா அண்ணன் சொன்னால் ராத்திரியையும் பகல் என்பவர். அவர் தலையை ஆட்டினார்.

அறைக்குள் பட்டுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்த ப்ரியா வெளியே வந்தாள்.

"இது உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமா பெரியவரே? வருஷா வருஷம் ரெண்டு பாம்பையும் பாக்கியள்லா?"

"தாயி, பெரியவங்க பேசுத இடத்துல நீ வரக் கூடாது. வெங்கடேசன் உனக்கு அண்ணன் முறை. தாம்பூலம் மாத்துததுக்கு முன்னாடி சாஸ்தா கண்ணுல காட்டிட்டாரு. அதுவரைக்கும் நல்லது."

அவர்கள் எழுந்து போனார்கள். வெங்கடேஷின் அம்மா மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தட்டில் அவர்கள் கொண்டுவந்த பழம் அப்படியே இருந்தது. ப்ரியா ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள்.

"ஏட்டி, அது அவுக பழம்" என்றாள் முத்துமாரியம்மாள்.

"எனக்குன்னுதானே கொண்டுவந்தாக. முடிஞ்சா வந்து திருப்பிக் கேக்கட்டும்."

*

ப்ரியா வேலை பார்ப்பது ஹாலிதாவின் தகட்டுப் பட்டறையில். ஹாலிதாவின் கணவர் துபாயில் இருக்கிறார். பட்டறையை நடத்துவது அவள்தான். சங்கரநாராயணர் கோவிலுக்கு வருகிறவர்கள் நேர்ந்துகொண்டு உண்டியலில் போடுகிற வெள்ளித் தகடுகள் அங்கே தயாராகும். கண், கை, கால், தேள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்பு. வெண்கல அச்சின் மேல் மெல்லிய தகட்டை விரித்து, அதன் மேல் ஈயத்துண்டை வைத்து ஒரே சீராக அடிக்க வேண்டும். பி.காம். முடித்துவிட்டு கணக்கு எழுதத்தான் ப்ரியா அங்கே சேர்ந்தாள். நான்கு வருஷத்தில் சுத்தியல் கைக்கு வந்துவிட்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எந்தப் பாம்பு எந்த அச்சில் வந்தது என்று சொல்லிவிடுவாள்.

வெங்கடேஷ் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் புதுக் காயில் கட்டுகிறவன். பட்டறையின் பாலிஷ் மோட்டார் புகைந்த அன்று வந்தான். அதற்குப் பிறகு நன்றாக ஓடுகிற மோட்டாரையும் வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். இந்த விஷயம் ப்ரியாவை விட ஹாலிதாவுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"ஆறு மாசமா 'அவுக வாராக, அவுக சாப்பிட்டாகளா'ன்னு கிடந்த. இனி என்னன்னு கூப்பிடுவ? அண்ணேம்பியா?" என்று ஹாலிதா சீண்டினாள்.

"நாக்கு அழுகினாலும் சொல்ல மாட்டேன்க்கா."

"அப்ப சரி. நாக்குக்கு ஒண்ணும் ஆகாது."

நான்காம் நாள் மத்தியானம் வெங்கடேஷ் துண்டில் எதையோ சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். மேசைமேல் வைத்துப் பிரித்தான். அவர்களுடைய கிணற்றுவீட்டு வகையறாவின் தூபக்கால். கைப்பிடியை இறுக்கியிருந்த ஆணி கழன்று ஆடியது.

"பெரியப்பா கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் ஆணி அடிச்சுட்டு வரச் சொன்னாரு."

"இது சங்கரன்கோவில்லா?" என்றாள் ஹாலிதா.

"பஸ்ஸுல தூங்கலக்கா. தெரிஞ்சுதான் இறங்கினேன்."

ஹாலிதா சிரித்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். அவள் போனதும் வெங்கடேஷ் குரலைத் தணித்தான்.

"ப்ரியா, பெரியப்பாவுக்கு அவரு மச்சான் மகளை எனக்குக் கட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க அம்மா இப்பத்தான் சொல்லுதா. முத்திரை கித்திரை எல்லாம் சாக்கு. நாம பதிவு ஆபீஸுல போய்க் கையெழுத்துப் போட்டுருவோம். என் கூட்டாளி சாம்ராஜும் இன்னொருத்தனும் சாட்சிக்கு வாரேன்னுட்டானுவ."

"போட்டுட்டு?"

"போட்டுட்டு என்ன, குடும்பம் நடத்துவோம்."

"எங்க அம்மா தெருவுல நடக்கும்போது 'அண்ணனைக் கட்டிக்கிட்டு ஓடினவளைப் பெத்தவ'ன்னு சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்களா?"

வெங்கடேஷ் கழன்ற ஆணியை விரலால் ஆட்டினான்.

"கையெழுத்து எப்ப வேணும்னாலும் போடலாம். நீங்க பின்வாங்க மாட்டியன்னு எனக்குத் தெரியும். ஆனா ஓடிப்போய்க் கட்டுததுக்கு நான் என்ன தப்பு செஞ்சேன்? உத்திரத்தன்னைக்கு அஞ்சு வகையறாவும் அங்கன இருக்கும்லா. அங்க வச்சுக் கேப்பேன்."

"என்னன்னு கேப்ப?"

"தெரியல. ஆனா கேப்பேன்."

சொல்லிக்கொண்டே அவள் தூபக்காலைத் தன் பக்கம் இழுத்து, பழைய ஆணியைக் கழற்ற ஆரம்பித்தாள். இடது கை பீடத்தைப் பிடித்திருந்தது. பிடித்த விரல்கள் தாமாகவே பாம்பின் மேல் ஓடின. படம், கழுத்து, மூன்று வளைவு. பிறகு வலது கை ஓரத்தில் வால். அங்கே விரல் நின்றுவிட்டது.

வீட்டில் இருக்கிற பாம்பைச் சின்ன வயதிலிருந்து தடவியிருக்கிறாள். அதற்கு வால் இடது கை ஓரத்தில் முடியும்.

ப்ரியா ஆணியை விட்டாள். ஒரு மெல்லிய தகட்டை வெட்டி பீடத்தின் முகப்பில் போர்த்தி, மரக்குச்சியால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அழுக்கும் கறுப்பும் இல்லாமல் பாம்பு தகட்டில் எழுந்து நின்றது. இப்போதுதான் எல்லாம் தெரிந்தது. படம் எடுத்த தலை, போகிற திசையைப் பார்க்காமல் திரும்பித் தன் வாலைப் பார்த்தது. அந்த வால் தேய்ந்துபோனதல்ல. ஒரு சுருக்குப் போல வளைந்து, வளைவு முடியுமுன் விளிம்பில் வெட்டினாற்போல் நின்றது.

"என்ன பாக்க?" என்றான் வெங்கடேஷ்.

"இங்கன வாங்க." சுவரில் மாட்டியிருந்த தகடுகளில் ஒன்றைக் காட்டினாள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வாங்கிப் போடுகிற ஜோடிப் பாம்பு. "இதுல ஒண்ணு வலப்பக்கம் போகும், ஒண்ணு இடப்பக்கம் போகும். நடுவுல வால் பின்னிக் கிடக்கும். ரெண்டும் ஒரே பக்கம் போனா அதுக்கு ஜோடின்னு பேரு இல்ல. சும்மா ரெண்டு பாம்பு."

வெங்கடேஷ் தகட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். மோட்டார்க்காரன் புத்தி அவனுக்கு. "அப்ப இதுக்கு இன்னொரு பாதி இருக்கணும்" என்றான்.

"எங்க வீட்டுல இருக்கு" என்றாள் ப்ரியா.

*

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தூபக்காலை விளக்கின் கீழே வைத்து, அதன் இடது பக்கத்தில் தகட்டைப் பொருத்தினாள். சுருக்கும் சுருக்கும் சேர்ந்தது. ஒரு முழு முடிச்சு. இந்தப் பக்கத்துப் பாம்பு அந்தப் பக்கத்துப் பாம்பைத் திரும்பிப் பார்த்தது.

முத்துமாரியம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து குனிந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இருபத்தேழு வருஷமா நான்தான் இதைத் தேய்க்கேன்" என்றாள். "முதல் வருஷம் உங்க அப்பா, 'மெதுவா தேயி, பழைய சாமான்'னாரு. தேச்சுட்டுப் பாத்தா பாம்புக்கு வால் பாதிதான் இருக்கு. நான்தான் புளி போட்டு வாலைக் கரைச்சுட்டேன்னு நினைச்சுட்டேன். புதுப்பொண்ணு, யாருட்ட சொல்ல? இத்தனை வருஷமா அந்த இடத்துல மட்டும் துணியால ஒத்தி எடுப்பேன்."

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரு பெண், செய்யாத தப்பை இருபத்தேழு வருஷம் மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதேபோலத் தப்பு செய்யாத தன்னையும்தான் இப்போது விலகிப் போ என்கிறார்கள்.

"ரெண்டையும் யாரும் பக்கத்துல வச்சுப் பாத்ததே இல்லையாம்மா?"

"எப்படிப் பாப்பாங்க? வரிசையில முதல்ல கிணத்துவீட்டுது, கடைசியில நம்மது. பாம்பும் பாம்பும் பக்கத்துல இருந்தா சண்டை வரும்னு சொல்லிக்கிடுவாங்க."

"உத்திரத்தன்னைக்குப் பக்கத்துல வைக்கப் போறேன். நீ வருவியா?"

முத்துமாரியம்மாள் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த கணவரின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெருமாள்சாமி அண்ணாச்சி பேத்திக்குக் காது குத்தினாங்கள்லா, சாஸ்தா கோவில்ல. அந்தப் பத்திரிகை எங்க இருக்கும்?"

"இப்ப அது எதுக்கு?"

"சும்மாதான்" என்றாள் அம்மா. "தூபக்காலைச் சுமந்துட்டு வர ஒரு ஆள் வேணும்லா. வாரேன்."

*

உத்திரத்தன்று ஈச்சம்பொத்தைக் கரிசலில் காலை பத்து மணிக்கே கால் வைக்க முடியவில்லை. குளத்தங்கரை வேம்புகளுக்கு அடியில் டிராக்டர்களும் வேன்களும் நின்றன. தென்னந்தட்டிப் பந்தலுக்குள் ஐந்து வகையறாக்களும் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் பானகம், ஒரு பக்கம் அழுகிற பிள்ளைகள்.

நடைக்கு முன்னால் வாழையிலையில் ஐந்து தூபக்கால்களும் வரிசையாக இருந்தன. பூசாரி இசக்கித்துரை ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் தீச்சட்டியில் கங்கு தயாராக இருந்தது. ஒவ்வொரு வகையறாவின் மூத்த ஆணும் தன் தூபக்காலில் கங்கை அள்ளிப் போட்டு, சாம்பிராணி தூவித் தூக்க வேண்டும். கடைசித் தூபக்காலில் மட்டும் இரண்டு வருஷமாக நெருப்பு இல்லை. ஆறுமுகச்சாமிக்குப் பிறகு தூக்க ஆண் இல்லாததால், அது வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பும்.

இசக்கித்துரை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்த நேரம், ப்ரியா கூட்டத்திலிருந்து எழுந்து போனாள். கடைசித் தூபக்காலை இரண்டு கையாலும் தூக்கினாள். மயில் தூபக்காலைக் கொஞ்சம் நகர்த்தி, முதலாவது தூபக்காலை ஒட்டித் தன்னுடையதை வைத்தாள். பீடத்தோடு பீடம் இடித்து 'டிங்' என்று ஒரு சத்தம்.

பந்தலில் தலைகள் திரும்பின.

"ஏ பிள்ள, யாரைக் கேட்டுத் தொட்டே?" என்றார் பெருமாள்சாமி. "பொம்பளை தொடுத சாமானா அது?"

"எங்க அம்மா இருபத்தேழு வருஷமா தொட்டுத் தேய்க்காளே பெரியவரே. தேய்க்கும்போது வராத குத்தம் தூக்கும்போது வந்துருமா?"

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஐந்து வகையறாவுக்கும் தூபக்கால் தேய்க்கிற கைகள் அங்கேதான் இருந்தன.

"எல்லாரும் வந்து பாருங்க" என்றாள் ப்ரியா. "ஒரே முத்திரைன்னு சொல்லி என் கல்யாணத்தை நிறுத்தினாரு. ஒரே முத்திரையான்னு பாருங்க. அதுக்கு வால் வலது ஓரத்துல, இதுக்கு இடது ஓரத்துல. ரெண்டுக்கும் வால் பாதி பாதி. சேத்து வச்சா பின்னிக்கிடுது. அரசமரத்தடி நாகர் கல்லுல எப்படிப் பின்னியிருக்கும்? ஆணும் பெண்ணுமாத்தானே? இது பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்த ரெண்டு வீட்டுக்கு ஒண்ணா வார்த்த சாமான்."

ஆட்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். இசக்கித்துரை பீடத்தின் சந்தனத்தை விரலால் வழித்துவிட்டு, "சேருதுவே" என்று யாருக்கோ சொன்னார். செல்போன்கள் நீண்டன. மான் வகையறாப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

பெருமாள்சாமியும் பார்த்தார். பார்த்துவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்க தாயி. ஆனா அண்ணனும் தம்பியும் பாகம் பிரிச்சிருப்பான். ஆளுக்கு ஒண்ணா ரெண்டு செஞ்சிருப்பான். பிரிஞ்சாலும் ஒரே ரத்தம்னு காட்ட வாலைச் சேத்திருப்பான். இல்லன்னு உன்னால சொல்ல முடியுமா?"

கூட்டத்தில் சில தலைகள் ஆடின. அதுவும் சரியாகத்தானே இருக்கிறது என்றது அந்த ஆட்டம்.

ப்ரியா இரண்டு வால்களையும் மறுபடி பார்த்தாள். அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. வார்த்தவன் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆகிவிட்டது. பாம்பு யார் பக்கமும் பேசவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. வெங்கடேஷ் தன் அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்து நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"ஏலே, நீ அங்கன எங்க போறே?" என்றார் பெருமாள்சாமி.

"இங்கனதான் பெரியப்பா நிப்பேன். முத்திரை சேந்தாலும் சேராட்டாலும்."

அப்போதுதான் முத்துமாரியம்மாள் வந்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அதிகம் சத்தமில்லாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். பங்காளி வீட்டுல ஒருத்தர் செத்துத் துட்டின்னா எத்தனை நாள் தீட்டு?"

"பதினாறு நாள். இது தெரியாதா?"

"பதினாறு நாளும் கோவில் நடை மிதிக்கலாமா?"

"எவன் மிதிப்பான்? வாசலுக்கே வரக் கூடாதுல்லா."

"எங்க வீட்டுக்காரர் தை மாசம் எட்டாந்தேதி தவறினாரு. பதினேழாந்தேதி உங்க பேத்திக்கு இதே நடையில காது குத்தினிய. மைக் செட்டு கட்டி, பொங்க வச்சு, உங்க தூபக்காலை நீங்கதான் தூக்கினிய. இந்தா பத்திரிகை." இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு அனுப்பி வச்சிருந்திய. தாலி கழட்டுன அன்னைக்கு வந்து சேந்துச்சு."

பந்தலில் ஒரு பிள்ளை அழுதது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பெருமாள்சாமி அட்டையை வாங்கவில்லை. "அது... முன்கூட்டியே குறிச்ச நாளு" என்றார்.

"குறிச்ச நாளுன்னா தீட்டு விலகிருமா? நான் உங்களைக் குறை சொல்லல. அன்னைக்கு நாங்க உங்களுக்குப் பங்காளி இல்ல. அதனால நீங்க வந்திய, காது குத்தினிய, போனிய. சரிதான். இன்னைக்குப் பங்காளின்னா, அன்னைக்குத் தீட்டோட சாஸ்தா நடையில ஏறினிய. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லுததை நான் ஏத்துக்கிடுதேன்."

இதற்குப் பதறியது பெருமாள்சாமி இல்லை, இசக்கித்துரை.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பூசை பண்ணினது நான்" என்றார் அவர். "தீட்டுக்காரனை நடையில ஏத்தினேன்னு பேரு வந்தா இந்த ஊருல என்னைய மணி அடிக்க விட மாட்டானுவ. கலசம் வச்சு, கும்பம் தூக்கி, மொத்தக் கோவிலையும் கழுவணும். தயவுசெஞ்சு பங்காளி இல்லன்னே சொல்லிருங்க."

"வே இசக்கி, உமக்கு என்ன..."

"பங்காளி இல்ல அண்ணாச்சி. தீட்டு காக்காதவன் பங்காளியே இல்ல. வழக்கம் அதான்."

மான் வகையறாப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "வழக்கம் அதுதான் பெருமாளு" என்றார். "துட்டிக்கு இல்லாத பங்காளி கல்யாணத்துக்கு எங்கிருந்து வருவான்?"

பெருமாள்சாமி சுற்றிலும் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். வெங்கடேஷின் அப்பா முதல் தடவையாகத் தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடியிருந்தாள், சிரிப்பை மறைக்கிறாளா அழுகையை மறைக்கிறாளா என்று தெரியவில்லை.

"என்னவும் செய்ங்க" என்றார் பெருமாள்சாமி. துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் அந்தக் கல்யாணத்துக்கு வர மாட்டேன்."

"இலை போட்டு வைப்போம் அண்ணாச்சி" என்றாள் முத்துமாரியம்மாள். "வராட்டா காக்காவுக்கு வைப்போம்."

அவர் வேப்பமர நிழலுக்குப் போய், வேன் படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

இசக்கித்துரை தொண்டையைச் செருமினார். "நேரம் ஆகுது. தூபக்காலை அவங்கவங்க இடத்துல வைங்க. மேட்டுவீட்டுத் தூபக்காலை எப்பவும்போல..."

"எப்பவும்போல இல்ல" என்றாள் ப்ரியா.

அவள் குனிந்து தீச்சட்டியிலிருந்து இரும்புக் கரண்டியால் கங்கை அள்ளித் தன் வீட்டுத் தூபக்காலில் போட்டாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. சாம்பிராணியைக் கிள்ளித் தூவினாள். இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்த வெண்கலத்திலிருந்து புகை பொங்கி எழுந்தது.

"ஏம்மா, இது மூத்த ஆண் தூக்கணும்" என்றார் இசக்கித்துரை.

"எங்க வீட்டுல மூத்தது நான்தான், இளையதும் நான்தான். வேற யாரு தூக்குவா?"

"சாஸ்தா..."

"சாஸ்தாவுக்குக் குத்தம்னா அவரே சொல்லட்டும். நான் இங்கனதான் நிக்கேன்."

இசக்கித்துரை சாஸ்தாவைப் பார்த்தார். சந்தனக்காப்புக்குள்ளிருந்து சாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை. பூசாரி பெருமூச்சு விட்டு மணியைக் கையில் எடுத்தார்.

ப்ரியா கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள். அந்தக் கணமே அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கங்கு விழுந்த கொஞ்ச நேரத்திலேயே கைப்பிடி சுடத் தொடங்கிவிடும். ஆண்கள் ஏன் எப்போதும் தோளில் துண்டோடு வருகிறார்கள் என்று இத்தனை வருஷமாக அவள் யோசித்ததில்லை. உள்ளங்கை சுரீரென்றது. கீழே வைத்தால் முடிந்தது. 'இதுக்குத்தான் சொன்னோம்' என்பார்கள். அவள் வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள்.

"கொண்டா இங்க" என்று வெங்கடேஷ் கை நீட்டினான்.

"உங்க வீட்டுது அங்க இருக்கு. அதைத் தூக்குங்க."

அவன் வரிசையின் முதல் தூபக்காலைப் பார்த்தான். வேன் படிக்கட்டில் தெரிந்த பெரியப்பாவின் முதுகைப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்தான்.

முத்துமாரியம்மாள் மகளின் பின்னால் வந்து நின்றாள். இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவி, நான்காக மடித்து, கைப்பிடிக்கும் மகளின் விரலுக்கும் நடுவில் செருகினாள். புளி வாடை அடிக்கிற பழைய துணி. பாம்பின் வாலை ஒத்தி எடுப்பதற்கென்றே அவள் தனியாக வைத்திருந்தது.

"இப்பப் பிடி" என்றாள். "நேரே பாத்து நட."